பிஎச்.டி. ஆய்வு: பல்கலைக்கழகம் என்ன தருகிறது? குடும்பம் எதைத் தெரிந்திருக்க வேண்டும்?

நம் வீட்டுப் பிள்ளை முதுகலை முடித்துவிட்டு, "பிஎச்.டி. செய்யப் போகிறேன்" என்று சொன்னால் பெற்றோருக்கு மகிழ்ச்சியை விடக் குழப்பம்தான் முதலில் வருகிறது. இன்னும் எத்தனை வருடம்? அதுவரை செலவுக்கு யார் கொடுப்பது? பெண் பிள்ளையாக இருந்தால் நிக்காஹ் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டால் படிப்பு என்னாகும்? ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது இந்தக் கேள்விகளுடன் வரும் தந்தையர் இப்போது அதிகம். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு இப்படிக் கேட்டு வருபவர்கள் குறைவு. அல்ஹம்துலில்லாஹ், நல்ல மாற்றம்தான். ஆனால் சரியான விபரம் தெரியாததால் தகுதியுள்ள பல பிள்ளைகள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். சிலர் தவறான வாசலில் நுழைந்து பணத்தையும் காலத்தையும் இழக்கிறார்கள்.

ஆய்வு என்பது நமக்குப் புதிய விஷயம் அல்ல. ஒரேயொரு ஹதீஸை, அதை நேரில் கேட்டவரிடமே உறுதி செய்துகொள்வதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத தூரம் பயணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களைச் சந்தித்தார்கள். செய்தியை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள்தானா, அவருடைய நினைவாற்றல் எப்படிப்பட்டது என்று அடுக்கடுக்காக விசாரித்த முஹத்திஸீன்களின் வேலைக்கும், இன்று ஒரு வரலாற்று மாணவர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் அடிப்படை ஒன்றுதான். உஸ்தாதிடம் முழுமையாக ஓதிக் காட்டி இஜாஸா வாங்குவது போல, இங்கே நெறியாளரிடமும் பரிசோதகர்களிடமும் ஆய்வை ஒப்படைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பட்டம் வாங்குகிறார்கள். இந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் நீட்டக் கூடாது. இஜாஸா ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குத் தருவது. பிஎச்.டி. ஒரு நிறுவனம் சட்டப்படி தருவது. ஆகவே அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

இந்தியாவில் பிஎச்.டி.க்கு இப்போது நடைமுறையில் இருப்பவை பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள். அதன்படி குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. தேவைப்பட்டால் மேலும் 2 ஆண்டு மறுபதிவு செய்யலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு கூடுதல் சலுகை உண்டு. மொத்தத்தில் அவர்களுக்கு 10 ஆண்டு வரை அவகாசம் கிடைக்கிறது. முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பில் கிரீமி லேயருக்குள் வராதவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலை முடித்தவர்கள் 75 சதவீதம் எடுத்திருந்தால் முதுகலை இல்லாமலே சேரலாம். எம்.பில். படிப்பை இந்த விதிமுறைகள் நிறுத்திவிட்டன. ஆகவே யாராவது இப்போதும் "எம்.பில். சேருங்கள்" என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சேர்ந்தவுடன் நேராக ஆய்வேடு எழுத ஆரம்பிப்பதில்லை. முதலில் பாடப்பயிற்சி, அதாவது கோர்ஸ் ஒர்க். குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறையியல், ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம், தன் துறை சார்ந்த பாடம் ஆகியவை இதில் வரும். இதில் 55 சதவீதம் எடுத்தால்தான் மேற்கொண்டு தொடர முடியும். பல மாணவர்கள் இதை ஒரு சடங்கு என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் பல்கலைக்கழகம் தரும் பயிற்சியிலேயே மதிப்பு மிக்கது இதுதான். ஒரு நூலை எப்படி மேற்கோள் காட்டுவது, பிறர் கருத்தையும் தன் கருத்தையும் எப்படிப் பிரித்து எழுதுவது, புள்ளிவிவரத்தை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதை இங்கே கற்காதவர், ஐந்தாம் வருடத்தில் ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பார். மதரஸாவில் உஸூலுல் ஹதீஸ் சரியாக ஓதாமல் ஸஹீஹுல் புகாரிக்கு வந்து உட்கார்ந்தவரின் நிலைதான் அது.

அடுத்து நெறியாளர். நம் ஊர் வழக்கில் "கைடு". ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம் என்று விதி இருக்கிறது. நெறியாளராவதற்கு அவரிடம் முனைவர் பட்டமும், பேராசிரியராகவோ இணைப் பேராசிரியராகவோ இருந்தால் குறைந்தது 5, உதவிப் பேராசிரியராக இருந்தால் குறைந்தது 3 ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவந்திருக்க வேண்டும். இதை நீங்களே சரிபார்க்கலாம். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்பு அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் ஏற்கெனவே ஆய்வு முடித்த மாணவர்களைத் தேடிப் பிடித்து, எத்தனை வருடத்தில் முடித்தார்கள், எழுதிக் கொடுத்ததைப் படித்துத் திருத்தித் தந்தாரா என்று கேளுங்கள். மாப்பிள்ளை பார்க்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோமே, அதில் பாதியாவது இங்கே விசாரிக்க வேண்டாமா? ஐந்தாறு வருடத்துக்கான உறவு இது.

நெறியாளர் ஒருவரை மட்டும் நம்பி மாணவரை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஆய்வு ஆலோசனைக் குழு என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் இந்தக் குழுவின் முன் தன் வேலையை விளக்க வேண்டும். குழு அதைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று சொல்லும். நன்றாக நடக்கும் துறைகளில் இது மாணவருக்குப் பெரிய பாதுகாப்பு. வெறும் கையெழுத்தோடு முடிந்துவிடும் துறைகளும் இருக்கின்றன, மறைப்பதற்கில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மாணவர்தான் எழுத்து மூலமாகத் தன் அறிக்கையைக் கொடுத்து, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் தாமதத்துக்குக் காரணம் யார் என்ற கேள்வி எழும்போது அந்த நகல்தான் பேசும்.

ஆய்வேடு ஒப்படைத்த பின் நெறியாளரோடு சேர்த்து, அந்த நிறுவனத்தில் பணியில் இல்லாத குறைந்தது இரண்டு வெளிப் பரிசோதகர்கள் அதைப் படித்து மதிப்பிடுகிறார்கள். பிறகு வாய்மொழித் தேர்வு. அது மூடிய அறையில் நடப்பதல்ல. துறை ஆசிரியர்கள், மற்ற ஆய்வாளர்கள், அத்துறையில் ஆர்வமுள்ளவர்கள் முன்னிலையில் நடக்கும். ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இந்த மதிப்பீடு முழுவதும் முடிய வேண்டும் என்பதும் விதி.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு விதிகளைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஒன்று, ஆய்வுக் காலத்துக்குள் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு தரப்படலாம். இரண்டாவது, திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயர நேர்ந்தால், அவர் செய்த ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. "நிக்காஹ் ஆகிவிட்டால் எல்லாம் வீண்" என்று சொல்லி முதல் வருடத்திலேயே நிறுத்திவிடும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. நிக்காஹ் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆய்வு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுவது அதைவிட நல்லது. வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகச் செய்யலாம். ஆனால் பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். தபால் வழி, ஆன்லைன் வழி பிஎச்.டி. என்று ஒன்று இந்த விதிமுறைகளில் கிடையாது.

இனி பணம். பெற்றோர்களின் கவலையில் பாதி இதுதான். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு சீனியர் ஃபெலோவாக மாதம் 42,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டுள்ளது. இதோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. மொத்தம் 5 ஆண்டு வரை கிடைக்கும். நெட் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். இரண்டு தாள், மூன்று மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஜேஆர்எஃபுக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓபிசி உள்ளிட்ட பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. ஆலிம்களுக்கு ஒரு செய்தி: நெட் பாடங்களின் பட்டியலில் அரபி, உருது, பாரசீகம் இருக்கின்றன. "அரபுப் பண்பாடும் இஸ்லாமியக் கல்வியும்" என்றே ஒரு தனிப் பாடமும் இருக்கிறது. முறையான முதுகலைப் பட்டமும் கையில் உள்ள ஆலிம்கள் இந்த வாசலை ஏன் தட்டுவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

2024 முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. ஜேஆர்எஃபும் உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், பிஎச்.டி. சேர்க்கை மட்டும். இரண்டாம், மூன்றாம் வகையில் வருபவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் கணக்கிட்டு இடம் தருகிறார்கள். பிஎச்.டி. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஒரு வருடம் மட்டுமே செல்லும். தேர்ச்சிக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

நம் சமுதாயத்துக்கென்று இருந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை இப்போது இல்லை. 2009ல் தொடங்கிய அத்திட்டத்தை, மற்ற உதவித்தொகைத் திட்டங்களோடு மேற்படிகிறது என்று காரணம் சொல்லி 2022-23 முதல் ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது. ஏற்கெனவே பெற்று வந்தவர்களுக்கு மட்டும் அவர்களின் காலம் முடியும் வரை என்று அறிவித்தது. இழப்பு பெரியதுதான். எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கினார்கள். ஆனால் அது நின்றுவிட்டதால் வழியே இல்லை என்று உட்கார்ந்துவிடுவது சரியல்ல. ஓபிசி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை நெட் மதிப்பெண் அடிப்படையில் தரப்படுகிறது. தமிழகத்தில் ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் ஒன்றிய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்கிறார்கள். மற்ற பிரிவினர் தங்கள் பெயர் அப்பட்டியலில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழும் ஒன்றிய அரசுக்கான ஓபிசி சான்றிதழும் வெவ்வேறு படிவங்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடும் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்த பெண்களுக்கு சாவித்ரிபாய் பூலே பெயரில் யுஜிசி தரும் உதவித்தொகை இருக்கிறது. சமூகவியல், பொருளாதாரம், வரலாறு போன்ற துறைகளுக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் உதவித்தொகை உண்டு. தமிழக அரசும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்ற பெயரில், தேர்வு மூலம் தேர்ந்தெடுக்கப்படும் முழுநேர ஆய்வாளர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது.

பணத்துக்கு அடுத்தபடி ஆய்வாளருக்குத் தேவை நூலும் ஆவணமும். இதில் இன்றைய மாணவர்கள் பாக்கியசாலிகள். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் 'ஷோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்பு முடிவு செய்யும் முன்பு அங்கே தேடிப் பார்த்தால், நாம் செய்ய நினைப்பதை ஏற்கெனவே யார் செய்திருக்கிறார்கள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. தனியார் கல்லூரி மாணவர்களுக்கு இது நேரடியாகக் கிடைக்காது. எந்த நிறுவனத்தில் சேருவது என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அரபி பாரசீகச் சுவடிகளும் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்று பெரிய செல்வமே இருக்கிறது.

ஒரு பல்கலைக்கழகம் ஒரு துறைக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு இஸ்லாமியத் தமிழ் இலக்கியம். இலங்கையின் பாணந்துறையைச் சேர்ந்த ம.மு. உவைஸ் அவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்காகத் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த பணியை ஆராய்ந்தார்கள். அது 1953ல் ஆங்கில நூலாக வந்தது. தமிழ்த்துறைகளில் இஸ்லாமிய இலக்கியம் என்றால் சீறாப்புராணத்தோடு முடிந்துவிடும் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1979ல் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று தனி இருக்கை ஏற்பட்டபோது அதன் முதல் பேராசிரியராக அவர்கள் வந்தார்கள். பீ.மு. அஜ்மல்கான் அவர்களோடு சேர்ந்து எழுதிய 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' பல தொகுதிகளாக அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாகவே வந்தது. ஒரு தனிமனிதர் தன் சொந்தக் காசில், வேலை நேரம் போக மீதி நேரத்தில் இதைச் செய்திருக்க முடியுமா? சம்பளம், நூலகம், உதவியாளர், அச்சுக்கூடம் எல்லாம் பல்கலைக்கழகம் கொடுத்தது. உழைப்பு அவர்களுடையது. நம் பெரியவர்களின் அலமாரிகளில் அரபுத்தமிழ்க் கல்லச்சுப் புத்தகங்கள் இன்னும் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எந்த அச்சகம் அச்சிட்டது, யார் பணம் கொடுத்தது, எந்தத் துறைமுகம் வழியாக எங்கே போயின என்று தேட ஒரு மாணவருக்கு ஐந்து வருடம் தாராளமாகப் போதும். "தமிழ் முஸ்லிம்களின் வரலாறு" என்று மொத்தமாகத் தலைப்பு எடுத்தால் ஐம்பது வருடமும் போதாது.

ஒரு விஷயத்தை மார்க்க ரீதியாகவும் சொல்லியாக வேண்டும். பணம் கொடுத்தால் ஆய்வேடு எழுதித் தருகிறோம், கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் வருகின்றன. "எல்லாரும்தானே செய்கிறார்கள்" என்ற சமாதானமும் கூடவே வருகிறது. பிறர் எழுதியதைத் தன் பெயரில் ஒப்படைப்பது பொய், மோசடி, கியானத். அதைக் காட்டி வாங்கும் பட்டத்தை வைத்து நாளை ஆசிரியர் பணியில் சேர்ந்தால், தகுதியுள்ள இன்னொருவரின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பாவமும் சேர்ந்துகொள்கிறது. சட்டமும் இதை விடுவதில்லை. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் பிற எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திய ஆய்வேட்டையும் ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டாலும் நடவடிக்கை உண்டு. காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி ஆய்விதழ்களிலும் கவனமாக இருக்க வேண்டும். தரமான இதழ்களின் பட்டியலாக யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியல் 2025ல் கைவிடப்பட்டுவிட்டதால், எது நல்ல இதழ் என்று தீர்மானிப்பது இப்போது பல்கலைக்கழகங்கள், மாணவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆய்வேடு ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. ஆனாலும் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக அதை வைத்திருக்கின்றன. சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை கிடைக்காத மாணவருக்கு ஜகாத் கொடுக்கலாமா என்று ஜமாஅத் நிர்வாகிகள் கேட்கிறார்கள். படிப்பின் பெயரை வைத்து அல்ல, அந்த மாணவரின் நிலையை வைத்தே இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஹனஃபி மத்ஹபில், உழைக்க உடலில் தெம்பு உள்ளவராக இருந்தாலும், அடிப்படைத் தேவை போக நிஸாப் அளவு பொருள் இல்லாதவருக்கு ஜகாத் கொடுக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில், சம்பாதிக்கச் சக்தி உள்ளவருக்கு ஜகாத் இல்லை என்பது பொது விதி. சம்பாதிக்கப் போனால் மார்க்கக் கல்வி தடைபடும் என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. இதை மற்றக் கல்விகளுக்கும் விரிக்கலாமா என்பதில் இக்கால அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் முஃப்தியிடம் குறிப்பிட்ட மாணவரின் விபரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். கொடுப்பதாக இருந்தால் தொகையை மாணவரின் கையில் உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும். ஜகாத் பணத்தில் நூலகக் கட்டிடம் கட்ட முடியாது. அதற்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன. ஆய்வு மாணவரின் உண்மையான செலவுகள் பெரும்பாலும் சிறியவை: ஆவணக் காப்பகம் இருக்கும் ஊருக்குப் போய்த் தங்கும் பத்து நாள் அறை வாடகை, பழைய பக்கங்களின் நகல் கட்டணம், நெட் தேர்வுக் கட்டணம், கடைசியில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து பைண்டு போடும் செலவு. ஊரில் ஒரு வருடத்துக்கு இரண்டு மாணவர்களுக்கு இவற்றை மட்டும் ஏற்றுக்கொள்வது நடுத்தரமான ஒரு ஜமாஅத்தால் முடிகிற காரியம்தான்.